கேப்டன் சன்னாசியின் இரண்டாவது சுற்று

செய்தி வந்தபோது நான் ஒரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். ஈப்போ விமான நிலையம், காலை ஏழரை மணி, லேசான தூறல். பாதிச் சுற்று முடிந்து வால் பக்கம் போக வேண்டிய நேரம். தரைப் பொறியாளர் ஹருண் என்னை நோக்கி மெதுவாக நடந்து வந்தார். எப்போதும் ஓட்டமும் நடையுமாக வருகிறவர் அவர். மெதுவாக வந்ததிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கேப்டன் சன்னாசி விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று மலாயில் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. வலது பக்கச் சக்கரத்தைப் பார்த்தேனா இல்லையா என்ற சந்தேகம்தான் வந்தது. இப்படி ஒரு நிலைமைக்கு சன்னாசி ஒரு விதி வைத்திருந்தார். "சுத்திப் பாக்கறப்ப நடுவுல யாராச்சும் கூப்ட்டா, விட்ட எடத்துலேர்ந்து தொடங்கக் கூடாது. மறுபடியும் மூக்குலேர்ந்து தொடங்கு." திரும்பிப் போய் மூக்கிலிருந்து தொடங்கினேன். பாதி வழியில் கண் மறைத்தது, கண்ணைத் துடைத்தேன், அதுவும் குறுக்கீடுதானே என்று மூன்றாம் முறையும் மூக்குக்கே போனேன். விமானம் ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. காரணம் எழுதும் இடத்தில் 'மழை' என்று போட்டேன். தூறல் இருந்தது உண்மைதான்.

அவரோடு பறந்தவர்களுக்கும், அவர் பறக்கவிடாமல் காக்க வைத்தவர்களுக்கும் இந்தச் சுற்று விஷயம் தெரியும். பயணிகளாக மட்டுமே அவரை அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். விமானம் கிளம்புவதற்கு முன்னால் விமானி ஒருவர் கீழே இறங்கி அதை ஒரு முறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். மூக்கு, வலது இறக்கை, இயந்திரம், சக்கரம், வால், பிறகு இடது பக்கம் வழியாகத் திரும்ப மூக்கு. டயர் தேய்ந்திருக்கிறதா, எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா, விளக்கு உடைந்திருக்கிறதா, ஏதாவது துவாரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அன்றைய பயணமெல்லாம் முடிந்த பிறகு துணை விமானி இன்னொரு முறை பார்ப்பது எங்கள் நிறுவனத்தில் வழக்கம். கிளம்புவதற்கு முன் என்றால், இருவரில் யார் அந்தப் பயணத்தில் விமானத்தைச் செலுத்தவில்லையோ அவர் இறங்கிச் சுற்ற வேண்டும், ஒரு சுற்று போதும். இதுதான் விதி.

சன்னாசிக்கு ஒரு சுற்று போதாது. அவர் முறை என்றால் இரண்டு சுற்று. அவருக்குத் துணை விமானியான என் முறை என்றால் நான் ஒரு சுற்று முடித்து, நனைந்து, படியேறி வந்து உட்காருவேன். உடனே அவர் மஞ்சள் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பின்னால் நூற்றெண்பது பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் கீழே டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் சேர்ந்து பறந்த முதல் நாளே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நான் பார்த்துட்டேன் கேப்டன்," என்றேன். அவர் வெஸ்ட்டின் ஸிப்பை இழுத்தபடி சொன்னார்: "நீ பாத்தது நீ பாத்தது லா தர்ஷினி. நான் பாக்காதது நான் பாக்காததுதானே?" சொல்லிவிட்டு டார்ச்சோடு இறங்கிவிட்டார். அடுத்த நான்கு வருடமும் இப்படியேதான் போனது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, இராப்பகலாகப் படித்து விமானியானவர். குள்ளம், தொந்தி, காதோரம் மட்டும் முடி. நானோ ஈப்போவிலேயே பிறந்த சிலோன் குடும்பத்துப் பெண். என் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் யாருக்காவது ஒரு கடிதம் எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இது சன்னாசிக்குத் தெரிந்துவிட்டது. "ஒங்க வீட்ல பூனை காணாப் போனாலும் மூணு காப்பி போட்டு லெட்டர் அனுப்புவீங்க லா," என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "உங்க வீட்ல பூனை கிடைச்சாலும் நீங்க ரெண்டு தடவை சுத்திப் பார்ப்பீங்க கேப்டன்," என்பேன். அவர் தொந்தி குலுங்கச் சிரிப்பார்.

இந்தச் சுற்றும் வியாதி விமானத்தோடு நிற்கவில்லை. வீடு வாங்கப் போனபோது நடந்ததை அவர் மனைவி பாக்கியம் அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அக்காவின் தங்கை இருந்த அதே வரிசையில், பக்கத்து வீடே விலைக்கு வந்தது. அக்காவுக்கு அதில் உயிர். சன்னாசி போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் வீடு ஒட்டிய நடு வீடு. "இத எப்படி சுத்திப் பாக்கறது?" என்று கேட்டார். வீட்டைக் காட்ட வந்த ஏஜெண்டு, முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் பார்க்கலாம் என்றார். "பக்கவாட்டுல?" என்றார் சன்னாசி. பக்கவாட்டில் மைத்துனியின் வீடுதான் இருந்தது. கடைசியில் நான்கு தெரு தள்ளி ஒரு மூலை வீட்டை வாங்கினார்கள். "தங்கச்சிய பாக்க நான் கார்ல போறேன். இவரு வீட்ட பாக்க நடந்து போறாரு," என்பார் அக்கா.

கோயிலும் தப்பவில்லை. விமானத்தைச் சுற்றுவதும் சாமியைச் சுற்றுவதும் ஒரே திசை, இரண்டையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். அதனால் பிள்ளையார் சந்நிதியை வலம் வந்தாலும் அவர் கண் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு சதுர்த்தியன்று மூன்று சுற்று முடித்துவிட்டு நேரே குருக்களிடம் போய், "சாமிக்குப் பின்னால செவுத்துல ஒரு கீறல் இருக்கு. அத சரி பண்ற வரைக்கும் கூட்டத்த உள்ள விடாதீங்க," என்றாராம். அந்தக் கீறல் தன் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். "அப்போ அவுங்க எழுதி வெச்சிருக்காங்களா?" என்று இவர் கேட்டார். அந்த மாதத் திருப்பணிக் கூட்டத்தில் அது முதல் விஷயமாகப் போனது.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். அவர் என்னை நம்பவில்லை என்றுதான் நான் நினைத்தேன். என்னோடு பயிற்சி எடுத்த ஆண்களுக்கும் அவர் இதையேதான் செய்தார் என்று தெரிந்தும் என் கோபம் ஆறவில்லை. அவர் உண்மையிலேயே பார்க்கிறாரா, அல்லது சும்மா காலாற நடந்துவிட்டு வருகிறாரா என்று சோதிக்க நினைத்தேன். ஒரு நாள் என் கைப்பையில் இருந்த விபூதிப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, இடது பக்க வெளி டயரின் உட்புறத்தில், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில் பூசிவிட்டு மேலே வந்தேன். அவர் வழக்கம்போல இறங்கினார். வழக்கமான நேரத்தில் திரும்பி வந்தார். இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். நெற்றியில் மூன்று பட்டை. அந்தப் பட்டையோடேதான் ஜொகூர் போய் இறங்கினார்.

ஆனாலும் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நான்கு வருடத்தில் நான் விட்டு அவர் கண்டுபிடித்தவை மொத்தம் இரண்டே இரண்டு. ஒன்று, சக்கரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பை. இன்னொன்று, மூக்குச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பூனைக்குட்டி. பூனையை நானும் பார்த்திருந்தேன். நான் பார்த்தபோது அது தரையில் நடந்துகொண்டிருந்தது, அதை எழுதி வைக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் விட்டு நான் கண்டுபிடித்தது பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன ஆணியாவது அவர் கண்ணுக்குத் தப்பி என் கண்ணில் பட வேண்டும் என்று ஏங்கினேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாளும் வந்தது.

அவருக்கு அறுபத்தைந்து வயது நிறையப் பத்து நாள் இருந்தது. அந்த வயதுக்கு மேல் விமானி பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. அவருடைய கடைசிப் பயணம் அடுத்த வாரம் சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து ஜொகூருக்கு என்று முடிவாகியிருந்தது. பழைய தோட்டத்து ஆட்களும் சொந்தக்காரர்களுமாக நாற்பது பேர் வழியனுப்ப வருவதாக ஏற்பாடு. சிலர் கமுந்திங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், சிலர் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில். அவர் சித்தப்பா மகன் ராஜு கமுந்திங்கில் கிலாங் பஸ் ஓட்டுகிறவர், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகிற அந்தப் பஸ்ஸையே அன்றைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். சன்னாசியின் பெரியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். தன் கையால் தூக்கி வளர்த்தவன் விமானம் ஓட்டுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று பட்டுச்சேலையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க சன்னாசி எல்லோரிடமும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார். "பெரியம்மா ஜன்னலப் பாத்து கை காட்டும் லா. நான் ஹெட்செட்ட கழட்டிட்டு கை காட்டணும்," என்றார் என்னிடம்.

அந்த வாரம் வியாழக்கிழமை நாங்கள் இருவரும் ஜொகூர் போய்த் திரும்பினோம். காலையில் ஈப்போவில் மழை. என் முறை முடிந்ததும் அவர் இறங்கித் தன் சுற்றை முடித்து வந்தார். ஜொகூரில் அவர் முறை, நல்ல வெயில், இரண்டு சுற்று. மாலையில் ஈப்போவுக்குத் திரும்பிப் பயணிகள் எல்லாம் இறங்கிய பிறகு நான் கடைசிச் சுற்றுக்கு இறங்கினேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இடது பக்கச் சக்கரங்கள் பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும் அறை ஒன்று உண்டு. அந்த அறைக்குள் ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். ஒரு குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் செருகினாற்போல ஒரு டார்ச், எரிந்துகொண்டே இருந்தது. சிவப்பு நாடா சுற்றி, அதன் மேல் பேனாவால் சன்னாசி என்று தமிழில் எழுதியிருந்தது.

காலையில் மழைத் தண்ணீர் பட்ட தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதை அங்கே வைத்திருக்கிறார். எடுக்க மறந்துவிட்டார். ஜொகூர் வெயிலில் அந்த வெளிச்சம் அவர் கண்ணில் படவில்லை. அது கழன்று எங்காவது சிக்கியிருந்தால் சக்கரம் இறங்காமல் போயிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. டார்ச் சமர்த்தாக ஜொகூர் போய், விளக்கைப் போட்டபடியே திரும்பி வந்திருந்தது.

நான் கூப்பிட்டதும் அவர் இறங்கி வந்தார். காட்டினேன். பார்த்தார். கையை விட்டு அதை உருவி எடுத்தார். அணைத்தார். ஏனோ மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்து அணைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். இதை எழுதிக் கொடுத்தால் விசாரணை முடியும்வரை அவரைப் பறக்கவிட மாட்டார்கள். விசாரணை ஒன்பது நாளில் முடியாது. அவ்வளவுதான். பெரியம்மா, பஸ், கை காட்டுவது எல்லாம் போய்விடும்.

சுற்றிலும் பார்த்தேன். ஹருண் தூரத்தில் வேறு ஒரு வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாக்கெட்ல போடுங்க கேப்டன்," என்றேன். "யாரும் பாக்கல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ பாத்துட்டியே லா," என்றார்.

படியேறிப் போய் நுட்பப் பதிவேட்டில் எழுதினார். பிறகு பாதுகாப்பு அறிக்கையும் எழுதினார், ஒன்றரைப் பக்கம். ஹருணைக் கூப்பிட்டு அந்த அறை முழுவதும் பரிசோதிக்கச் சொன்னார். ஒரு சேதமும் இல்லை. எல்லாம் முடிந்து வெளியே நடக்கும்போதுதான் என்னோடு பேசினார். "ஒங்க அப்பாகிட்ட சொல்லு. சன்னாசியும் லெட்டர் போட்டுட்டான்னு," என்றார். நான் சிரிக்க முயன்று அழுதுவிட்டேன். "அலாமாக், அழாத லா. நல்ல பேட்டரி, பாத்தியா?" என்றார்.

நினைத்தபடியே விசாரணை. நினைத்தபடியே பறக்கத் தடை. சனிக்கிழமைப் பயணத்துக்கு வேறு கேப்டன் போடப்பட்டார், துணை விமானியாக நானே. சன்னாசி எல்லோருக்கும் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார். நாற்பது பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "புளிசாதம் பொட்டலம் பொட்டலமா தாப்பாவ் பண்ணியாச்சு ணே. இத்தன சோத்த என்னா செய்யறது?" என்றாராம் ராஜு. பெரியம்மா இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறார். "நீ ஓட்டலன்னா என்னா? ப்ளேன் பறக்குமில்ல? நான் அதப் பாக்கறேன்."

அப்படியாக அந்தச் சனிக்கிழமை கிலாங் பஸ் மூலை வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. ஒன்பது மணிக்கு ஏற வேண்டியவர்கள் பத்து மணிவரை ஏறவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். சன்னாசி பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு இறங்கி வந்து பஸ்ஸைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். பின் சக்கரத்தில் ஒரு டயர் வழுக்கையாகக் கிடந்தது. "இதுலயா ஆள ஏத்திக்கிட்டு வந்த?" என்று ராஜுவைப் பிடித்துக்கொண்டார். "ணே, தினம் இதுலதான் ணே ஓடுது," என்றார் ராஜு. "தினமும் ஒனக்கு அதிர்ஷ்டம் லா," என்றார் இவர். பட்டுச்சேலையும் புளிசாதமுமாக நாற்பது பேர் ரோட்டோரம் நிற்க, ராஜு டயரை மாற்றினார். மாற்றி முடித்ததும் இவர் இரண்டாவது சுற்று போனார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் ஒளிரும் வெஸ்ட்டோடு விமானத்தின் மூக்கில் நின்று என் சுற்றைத் தொடங்கினேன். மனசு சரியில்லை. அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வலது இறக்கைப் பக்கம் போனேன். அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"தர்ஷினீ! டயர குனிஞ்சு பாரு! குனிஞ்சு!"

திரும்பினேன். வேலிக்கு வெளியே ஒரு கிலாங் பஸ். அதன் முன்னால், கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர். நடுவில் பாத்தேக் சட்டை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டுச்சேலைப் பெரியம்மா, கறுப்புக் கண்ணாடியோடு. காவலுக்கு நின்ற ஜாகா அவர்களை விரட்டத்தான் போயிருக்க வேண்டும். அவர் கையில் ஏற்கெனவே ஒரு புளிசாதப் பொட்டலம் இருந்தது.

குறுக்கீடு வந்துவிட்டது. மூக்குக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினேன். அது ஏன் என்று வேலியில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் கை தட்டினார். உடனே நாற்பது பேரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் அவர்கள் கூடவே பார்த்தார்கள். இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால், "நல்லா பாரும்மா!" என்று ஒரு குரல். வால் பக்கம் போனால், "மேல! மேல!" என்று ஒரு குரல். யாரோ ஒரு அக்கா, "அந்தப் பொண்ணுக்கு வெயில்ல குடை குடுக்கக் கூடாதா?" என்று ஜாகாவைத் திட்டினார். புதுக் கேப்டன் ஜன்னலைத் திறந்து, யார் இவர்கள் என்று கேட்டார். மேற்பார்வைக் குழு என்றேன்.

சுற்று முடிந்தது. எல்லாம் சரி என்று கேப்டனுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, அங்கேயும் காட்டினேன். சன்னாசி பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டவில்லை. சுட்டுவிரலை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இன்னொரு சுற்று.

நான்கு வருடமாக எனக்குக் கோபமூட்டிய அந்தச் சுற்றைப் போனேன். நாற்பது பேரும் அமைதியாக நின்று பார்த்தார்கள். கிளம்பி ஓடுபாதைக்குத் திரும்பும்போது நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவுக்குக் கை காட்டினேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். போனில் பேசியதை மறந்துவிட்ட அவரிடம், சன்னாசிதான் ஓட்டுகிறார் என்று யாரோ ஏமாற்றிச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. சன்னாசியோ அவர் பக்கத்திலேயே நின்று அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விசாரணை இன்னும் பத்து நாள் இழுத்து, கவனமாக இருக்கவும் என்ற ஒரு கடிதத்தோடு முடிந்தது. அதற்குள் அவருக்கு அறுபத்தைந்து நிறைந்துவிட்டது. அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார்.

இறுதிச் சடங்குக்குப் பழைய விமானிகள் ஏழு பேர் போயிருந்தோம். வாய்க்கரிசி போடச் சுற்றி வரச் சொன்னார்கள். ஏழு பேரும் தலைமாட்டில் தொடங்கி, வரிசையாக, கச்சிதமாக வலப்பக்கம் நடந்தோம். "இடமா சுத்துங்கய்யா, இடமா!" என்று காரியம் செய்பவர் கத்தினார். சாவு வீட்டில் இடமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. சட்டென்று திரும்பினோம். எதிரே சரியாக வந்துகொண்டிருந்த சொந்தக்காரர்கள் மேல் மோதினோம், அரிசி கொட்டியது. தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்த பாக்கியம் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "பாருங்க, எல்லாத்தையும் இவரு கெடுத்து வெச்சிருக்காரு," என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவருக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அக்கா என்னைச் சமையல் கட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த டார்ச் விஷயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சன்னாசி அண்ணனைப்போல ஒரு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை என்றேன். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"நேர்மையா? அன்னிக்கி வீட்டுக்கு வந்து சோறு வேணான்னுட்டாரு. காருலேயே உக்காந்திருந்தாரு. போயி கதவத் தட்டுனேன். 'பாக்கியம், அந்தப் பொண்ணு மட்டும் பாத்துக்கிட்டு நிக்கலன்னா நான் பாக்கெட்ல போட்டிருப்பேன்'னாரு. 'பெரியம்மா வருது, நாப்பது பேரு வராங்க. சத்தியமா போட்டிருப்பேன்'னாரு."

"அக்கா, பாக்கெட்ல போடச் சொன்னதே நான்தான்," என்றேன்.

"அதையும் சொன்னாரு. 'அவ வாயி போடச் சொல்லுது பாக்கியம், ஆனா கண்ணு வேற சொல்லுது'ன்னாரு."

அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அந்த வெளிச்சத்தைக் கண்ட முதல் நொடியில், இரக்கம் வருவதற்கு முன்னால், எனக்குச் சந்தோஷம் வந்தது. மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷம். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அது என் கண்ணில் இருந்திருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டுத்தான் படியேறிப் போய் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் என்னைப் பார்த்து, அழாதே என்று சொன்னார்.

இப்போது நானும் கேப்டன். மற்றவர்கள் சுற்றி முடித்த பிறகு நான் இரண்டாவது சுற்று போவதில்லை. என் முறை வந்து நான் சுற்றி முடித்தால், என் துணை விமானியை இறங்கி வரச் சொல்லி, நான் பார்த்ததை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறேன். மழையில் முணுமுணுக்கிறார்கள். நம்பிக்கை இல்லையா கேப்டன் என்று கேட்கிறார்கள். உங்கள் மேல் நிறைய இருக்கிறது, என் மேல்தான் இல்லை என்கிறேன். யாரும் பார்க்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியவில்லை, சன்னாசி அண்ணே. உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் உங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணே.